மாதம் ஆயிரம், இரண்டாயிரம் போடுகிறவருக்கு எந்த ப்ரோக்கர்? மும்பைத் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது ஒரு பங்குப் பட்டியலை அப்படியே வாங்கி வைக்கும் மியூச்சுவல் ஃபண்டில், மாதாமாதம் கொஞ்சம் போடலாம் என்று முடிவு செய்தவர்கள் அடுத்துக் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: எந்த ஆப் நல்ல ஆப்? செம்பூர், மாட்டுங்கா, சயான் கோலிவாடா என்று எனக்குத் தெரிந்த வட்டத்தில் பாதிப் பேர் யாரோ அனுப்பிய லிங்கை அழுத்தி முதலில் டீமேட் கணக்கை (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) திறந்துவிடுகிறார்கள், அப்புறம்தான் அது எதற்கு என்று விசாரிக்கிறார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியும், சந்தையான என்எஸ்இயும் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில், தாராவியில் இருந்து மீத்தி ஆற்றைத் தாண்டினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் இந்தப் பக்கம் இன்னும் சீட்டுக் கணக்குதான் எல்லோருக்கும் தெளிவாகப் புரிகிறது. சீட்டில் கமிஷன் எவ்வளவு என்று கேட்காமல் யாரும் சேருவதில்லை. ஆப்பில் மட்டும் கேட்பதில்லை.

ஆப் பெயருக்குப் போவதற்கு முன்னால் ஒரு கணக்கு. மாதம் 2,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 24,000. டீமேட் கணக்குக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 354. முதல் வருடம் நீங்கள் போட்ட பணத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை சதவீதம் கணக்கு வைத்திருப்பதற்கே போய்விட்டது. நீங்கள் வாங்கும் நிஃப்டி 50 (என்எஸ்இயின் 50 பெரிய கம்பெனிகள் அடங்கிய பட்டியல்) இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் பிளான், அதாவது நடுவில் கமிஷன் இல்லாத வடிவம், வருடம் முழுக்கப் பணத்தை நிர்வகிக்க எடுப்பதோ பெரும்பாலும் 0.2 சதவீதம் அளவில்தான். பத்து லட்சம் போடுகிறவருக்கு 354 ரூபாய் கண்ணிலேயே படாது, அவர் சதவீதத்தைப் பார்த்தால் போதும். நமக்கு நேர்மாறு. ரூபாயில் நிலையாக வாங்கும் கட்டணம்தான் சின்னத் தொகையை அரிக்கும், அதனால் கீழே சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதல் படி: ப்ரோக்கர் தேவையா என்று பாருங்கள்

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ஒரே நிஃப்டியை இரண்டு வடிவத்தில் வாங்கலாம். ஒன்று இண்டெக்ஸ் ஃபண்ட்: ஃபண்ட் நிறுவனத்திடம் பணம் கொடுக்கிறீர்கள், அன்றைய என்ஏவிப்படி (ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு) யூனிட் தருகிறார்கள், 2,000 ரூபாய் போட்டால் முழு 2,000 ரூபாய்க்கும் யூனிட் வரும், பின்னத்தில்கூட வரும். இதற்கு டீமேட் வேண்டாம். இன்னொன்று இடிஎஃப்: பங்கு மாதிரி சந்தையில் வாங்க வேண்டும், டீமேட்டும் ப்ரோக்கரும் இல்லாமல் முடியாது. ஒரு யூனிட் 280 ரூபாய் என்றால் 2,000 ரூபாய்க்கு ஏழு யூனிட்தான் கிடைக்கும், மீதி 40 ரூபாய் சும்மா கிடக்கும்.

இடிஎஃபின் செலவு விகிதம் (நிர்வாகத்துக்காக வருடாவருடம் எடுக்கும் சதவீதம்) இன்னும் குறைவு என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்தக் குறைவை மற்ற செலவுகள் தின்றுவிடும். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் ப்ரோக்கரிடம் ஜிஎஸ்டியோடு 23 ரூபாய் 60 காசு, அதாவது 2,000 ரூபாய் ஆர்டரில் 1.18 சதவீதம். ப்ரோக்கரேஜே இல்லை என்றாலும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும், வியாபாரம் குறைவாக நடக்கும் இடிஎஃபில் அது பெரிதாகவே இருக்கும். விற்கும்போது டிபி கட்டணம் (டீமேட் கணக்கை நடத்துகிறவர் வாங்குவது) என்று ஒன்று வரும், ஒரு யூனிட் விற்றாலும் நூறு விற்றாலும் அதே தொகை, வழக்கமாக ஜிஎஸ்டி சேர்த்துப் பதினைந்து ரூபாய்க்கு முன்பின். எல்லாவற்றுக்கும் மேல், மாதாமாதம் சந்தை நேரத்தில் உட்கார்ந்து ஆர்டர் போட வேண்டும். அந்தேரி ஃபாஸ்ட் லோக்கலில் தொங்கிக்கொண்டே லிமிட் ஆர்டர் போடுகிற ஆளை நான் பார்த்திருக்கிறேன், அவ்வளவு சிரமம் இதற்குத் தேவையில்லை.

ஆக, ஏற்கெனவே பங்குகள் வாங்க டீமேட் வைத்திருப்பவர் இடிஎஃப் பக்கம் போகட்டும். மற்றவர்களுக்கு இண்டெக்ஸ் ஃபண்ட், டைரக்ட் பிளான், குரோத் ஆப்ஷன் (லாபத்தை வெளியே தராமல் ஃபண்டுக்குள்ளேயே விடுவது). முடிந்தது.

இரண்டாம் படி: டைரக்ட் பிளானா என்று பெயரிலேயே பாருங்கள்

2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டுக்கும் டைரக்ட் பிளான் இருந்தாக வேண்டும் என்று செபி கொண்டுவந்தது. அதே ஃபண்ட், அதே மேனேஜர், அதே பங்குகள், நடுவில் விநியோகஸ்தருக்கான கமிஷன் மட்டும் கிடையாது. வங்கிக் கிளையில் மேஜைக்கு எதிரே உட்கார வைத்து விற்பது கிட்டத்தட்ட எப்போதும் ரெகுலர் பிளான். அது குற்றமில்லை, அவருக்குச் சம்பளம் வேண்டும், ஆனால் இண்டெக்ஸ் ஃபண்டில் ஆலோசனை சொல்ல என்ன இருக்கிறது?

வித்தியாசம் எவ்வளவு என்றால்: மாதம் 2,000 ரூபாய், 20 வருடம், வருடத்துக்கு 11 சதவீதம் வளர்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் (சந்தை அப்படி ஒழுங்காக வளராது, கணக்குக்காக மட்டும்) முடிவில் சுமார் 17.3 லட்சம். அதிலேயே வருடம் 0.6 சதவீதம் கூடுதல் செலவு என்றால் சுமார் 16 லட்சம். போட்ட மொத்தப் பணமே 4.8 லட்சம்தான், அதில் 1.3 லட்சம் வித்தியாசம். உங்கள் ஸ்டேட்மெண்டில் ஃபண்ட் பெயருக்குள் ‘டைரக்ட்’ என்று இருக்க வேண்டும். ஏஆர்என் (விநியோகஸ்தரின் பதிவு எண்) என்று தொடங்கி ஒரு எண் தெரிந்தால் யாரோ ஒருவருக்குக் கமிஷன் போகிறது என்று அர்த்தம். பெயரில் ஐடிசிடபிள்யூ என்று இருந்தால் அது பழைய டிவிடெண்ட் ஆப்ஷன், நமக்கு வேண்டாம்.

மூன்றாம் படி: வழியைத் தேர்ந்தெடுங்கள்

இருக்கிற வழிகள் மூன்று வகை.

ஃபண்ட் நிறுவனத்தின் சொந்த வலைதளம் அல்லது ஆப். ஒரே ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட் போதும் என்கிறவருக்கு இதைவிட எளிய வழி இல்லை: கட்டணம் கிடையாது, நடுவில் ஆள் கிடையாது, எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற ஊக வியாபாரம்) விளம்பரமும் கிடையாது. அழகான வரைபடம் இருக்காது, அவ்வளவுதான் குறை. பல நிறுவனங்கள் சேர்ந்து 2015-இல் தொடங்கிய எம்எஃப் யூட்டிலிட்டி வழியாகவும் போகலாம். ஒரே எண்ணில் பல ஃபண்ட் நிறுவனங்களில் டைரக்ட் பிளான் போட முடியும். முகப்பு கொஞ்சம் அரசு அலுவலகம் மாதிரி இருக்கும், பழகிவிடும்.

அடுத்து, ஃபோலியோ (ஃபண்ட் நிறுவனத்தில் உங்கள் பெயரில் இருக்கும் கணக்கு) வடிவத்தில் வைத்திருக்கும் ஆப்கள். குவேரா போன்றவை. யூனிட்டுகள் உங்கள் பெயரில் ஃபண்டின் பதிவாளரிடம், அதாவது கேம்ஸ் அல்லது கேஃபின்டெக்கிடம் இருக்கும். ஆப் நாளைக்கு மூடப்பட்டாலும் ஃபோலியோ எண்ணை வைத்து ஃபண்ட் நிறுவனத்திடமே நேராகப் போய் எடுத்துக்கொள்ளலாம். எல்லா ஃபோலியோவையும் ஒரே இடத்தில் பார்க்க, அந்த இரண்டு பதிவாளர்களும் சேர்ந்து 2021-இல் தொடங்கிய எம்எஃப் சென்ட்ரல் இருக்கிறது.

மூன்றாவது வகை, யூனிட்டை டீமேட் கணக்குக்குள் வைக்கும் ப்ரோக்கர்கள். ஜெரோதாவின் காயின் இப்படித்தான் பேர் வாங்கியது. பங்கும் ஃபண்டும் ஒரே கூரைக்குள் இருக்கும், குடும்பத்தில் ஒருவர் இல்லாமல் போனால் நாமினிக்கு மாற்றும் வேலை ஒரே இடத்தில் முடியும், இது சின்ன வசதி இல்லை. ஆனால் பராமரிப்புக் கட்டணம் இந்த வகையில்தான் வரும், வேறு ஆப்புக்குப் போவதும் கொஞ்சம் வேலை. எனவே சேரும்போதே கேளுங்கள்: என் யூனிட் டீமேட்டிலா, ஃபோலியோவிலா? இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் சேராதீர்கள்.

நான்காம் படி: டீமேட் வேண்டும் என்றால் கட்டணப் பட்டியலை இப்படிப் படியுங்கள்

‘ஜீரோ ப்ரோக்கரேஜ்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, கீழே ‘சார்ஜஸ்’ என்று சின்னதாக ஒரு லிங்க் இருக்கும், அங்கே போங்கள். 2015 கடைசியில் ஜெரோதா டெலிவரிக்கான (வாங்கியதை அன்றே விற்காமல் கணக்கில் வைத்துக்கொள்வதற்கான) ப்ரோக்கரேஜை எடுத்துவிட்ட பிறகு பலரும் அந்த வழிக்கு வந்தார்கள், ஆனால் எல்லோரும் இல்லை, வந்தவர்களும் எல்லோரும் அங்கேயே நிற்கவில்லை. பார்க்க வேண்டியவை இவை: டெலிவரி ஆர்டருக்கு ‘குறைந்தபட்சம்’ என்று ஏதாவது இருக்கிறதா (0.1 சதவீதம், குறைந்தபட்சம் 5 ரூபாய் என்று இருந்தால் 1,000 ரூபாய் ஆர்டரில் அது 0.5 சதவீதம் ஆகிவிடும், இந்த ‘குறைந்தபட்சம்’தான் நம் எதிரி), ஆண்டுப் பராமரிப்பு எவ்வளவு, முதல் வருடம் மட்டும் இலவசமா, விற்கும்போது டிபி கட்டணம் எவ்வளவு, போனில் ஆர்டர் சொன்னால் தனியாக வாங்குகிறார்களா, கணக்கில் பணம் ஏற்றுவதற்குக் கட்டணம் உண்டா, நெட் பேங்கிங்குக்குச் சிலர் வாங்குவார்கள், யுபிஐக்குப் பொதுவாக இல்லை. முத்திரைக் கட்டணம் எங்கே வாங்கினாலும் உண்டு, 2020 ஜூலையில் இருந்து இண்டெக்ஸ் ஃபண்டுக்கும் 0.005 சதவீதம் உண்டு, அதற்காக யாரையும் திட்ட வேண்டாம்.

இங்கே நமக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பேசிக் சர்வீசஸ் டீமேட் அக்கவுண்ட், சுருக்கமாக பிஎஸ்டிஏ. 2024 செப்டம்பர் 1 முதல் கணக்கில் இருக்கும் மதிப்பு 4 லட்சம் ரூபாய் வரை பராமரிப்புக் கட்டணம் கிடையாது, 4 முதல் 10 லட்சம் வரை வருடத்துக்கு 100 ரூபாய். ஒரே நிபந்தனை, நாட்டிலேயே உங்கள் பெயர் முதல் பெயராக இருக்கும் டீமேட் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். சம்பளக் கணக்கு திறந்தபோது வங்கிக்காரர் ‘த்ரீ இன் ஒன், சார்’ என்று ஒரு கையெழுத்து வாங்கியிருப்பார், அந்தப் பழைய டீமேட் எங்கோ தூங்கிக்கொண்டு இந்தச் சலுகையைக் கெடுத்துக்கொண்டிருக்கும். எல்லா டீமேட் கணக்குகளும் இருக்கும் இரண்டு அமைப்புகளான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல்லில் இருந்து இமெயிலில் வரும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மெண்டைத் திறந்து பாருங்கள், உங்கள் பானில் எத்தனை கணக்கு என்று அதிலேயே தெரியும். வேண்டாததை மூடிவிட்டு, வைத்துக்கொள்வதை பிஎஸ்டிஏ ஆக்கச் சொல்லி ப்ரோக்கருக்கு எழுதுங்கள்.

அப்புறம், இலவசமாகத் தருகிற ஆப் எதில் சம்பாதிக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். முக்கியமாக எஃப் அண்ட் ஓவில். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அந்த வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கணக்கு திறக்கும்போது அந்தப் பிரிவைத் திறக்கவா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று குறியை எடுத்துவிடுங்கள். எஸ்ஐபி (மாதாமாதத் தவணை) போட வந்தவரை ஆப்ஷன் பக்கத்துக்குத் தள்ளுகிற ஆப், கட்டணம் பூஜ்யமாக இருந்தாலும் விலை உயர்ந்ததுதான்.

ஐந்தாம் படி: பதிவு இருக்கிறதா

ப்ரோக்கர் என்றால் ஐஎன்ஜெட் என்று தொடங்கும் செபி பதிவு எண், டீமேட்டுக்குத் தனியாக டிபி பதிவு எண். செபி வலைதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் வந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் ‘அங்கிள், கேரண்டி ரிட்டர்ன்’ என்று வருகிற எதையும் தேடக்கூடத் தேவையில்லை.

பவர் ஆஃப் அட்டர்னி (உங்கள் சார்பில் கணக்கை இயக்க அதிகாரம்) கேட்டால் மட்டும் கவனம். 2019 நவம்பரில் கார்வி ஸ்டாக் ப்ரோக்கிங் மேல் செபி நடவடிக்கை எடுத்தது, வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. இப்போது அந்த இடத்தில் டிடிபிஐ என்று வரம்புள்ள ஒரு அனுமதிதான், அதுவும் கட்டாயமில்லை. டிடிபிஐ கொடுக்காவிட்டால் விற்கும்போது ஓடிபி போட வேண்டும், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு தடவைகூட விற்காத நமக்கு அது தொந்தரவே இல்லை.

ஆறாம் படி: பெயர், இனிஷியல், கேஒய்சி

தமிழர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான், கட்டணத்தைவிட அதிக நேரம் இதில்தான் போகும். ஊரில் எடுத்த ஆதாரில் ‘எஸ். முருகன்’, பானில் இனிஷியலை விரிக்கச் சொன்னதால் ‘முருகன் சுப்பிரமணியன்’, வங்கியில் ‘முருகன் எஸ்’. மும்பையிலேயே படித்தவர்களுக்கு இன்னொரு வகைச் சிக்கல், இங்கே பள்ளியில் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றாக எழுதிவிடுவார்கள், அந்தக் குடும்பப் பெயர் ஊர் ஆவணம் எதிலும் இருக்காது. ஆப்பில் வங்கிக் கணக்கைச் சேர்க்கும்போது ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரைச் சரிபார்ப்பார்கள், பெயர் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும்.

சரிசெய்வதில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆதாரும் பானும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும், இரண்டில் எதை மாற்றுவது உங்களுக்குச் சுலபமோ அதை மாற்றுங்கள், பிறகு பான் நகலோடு வங்கிக் கிளைக்குப் போய் அங்கே மாற்றுங்கள், கடைசியாகக் கேஒய்சி. தலைகீழாகச் செய்தால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டி வரும். ஆதாரில் இருக்கும் மொபைல் எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஊரில் வாங்கிய பழைய சிம்மில் இருந்தால் ஓடிபி வராது. முகவரி திருநெல்வேலியாக இருப்பது பிரச்சினை இல்லை, வாடகை வீடு மாறும்போதெல்லாம் ஆதாரை மாற்றிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

கேஒய்சி நிலையைக் கேஆர்ஏ (கேஒய்சி பதிவுகளை வைத்திருக்கும் நிறுவனம்) வலைதளத்தில் பான் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ‘வேலிடேட்டட்’ என்றால் எங்கே வேண்டுமானாலும் புதிதாகப் போடலாம். ‘ரெஜிஸ்டர்ட்’ என்றால் ஏற்கெனவே இருக்கும் ஃபண்டில் தொடரலாம், புதிய ஃபண்ட் நிறுவனத்துக்குப் போனால் மறுபடி கேஒய்சி கேட்பார்கள். ‘ஆன் ஹோல்டு’ என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இமெயில் சொந்த இமெயிலாக இருக்கட்டும், கம்பெனி இமெயில் கொடுத்துவிட்டு வேலை மாறியவர்கள் படுகிற பாடு போதும்.

ஏழாம் படி: ஃபண்ட்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். நிஃப்டி 50 என்றால் எல்லோரும் அதே 50 கம்பெனிகளைத்தான் வாங்குகிறார்கள். செலவு விகிதத்தோடு டிராக்கிங் டிஃபரன்ஸையும் பாருங்கள், அதாவது இண்டெக்ஸ் டிவிடெண்டோடு சேர்த்துக் கொடுத்ததற்கும் ஃபண்ட் கொடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று. ஃபண்ட் நிறுவனம் இதை வெளியிட்டே ஆக வேண்டும். புதிய ஃபண்ட் ஒன்று 0.05 சதவீதம் மலிவு என்பதற்காகப் பழையதை விற்றுவிட்டு ஓடாதீர்கள், ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. அதற்கு மேல் என்றால் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதைத் தாண்டினால் 12.5 சதவீதம். பிடித்துப்போன புதியது இருந்தால் இனிமேல் போடும் தவணையை அங்கே திருப்பினால் போதும்.

எட்டாம் படி: மாதாமாதம் பணம் போகும் வழி

எஸ்ஐபிக்கு வங்கியில் இருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி தர வேண்டும், யுபிஐ ஆட்டோபே அல்லது இ-மேண்டேட். தேதி எதுவாக இருந்தாலும் இருபது வருடத்தில் வித்தியாசம் தெரியாது, சம்பளம் வந்து வாடகை போவதற்கு முன்னால் இருக்கும் தேதியாகப் பார்த்து வையுங்கள். பணம் இல்லாமல் திரும்பினால் ஃபண்ட் நிறுவனம் ஒன்றும் வாங்காது, வங்கிதான் வாங்கும், பல வங்கிகளில் ஒரு தடவைக்குச் சில நூறு ரூபாய். வருடம் முழுக்கத் தேடித் தேடி மிச்சம் பிடித்தது ஒரே நாளில் போய்விடும். மூன்று மாதம் தொடர்ந்து தவறினால் எஸ்ஐபியே ரத்தாகிவிடும். வேலை மாறும்போது பழைய சம்பளக் கணக்கில் மேண்டேட் மாட்டிக்கொண்டு நிற்பதுதான் இதற்கு வழக்கமான காரணம், அதனால் சம்பளக் கணக்கை விட்டுவிட்டு, எங்கே வேலை பார்த்தாலும் மாறாத ஒரு சேமிப்புக் கணக்கில் இருந்து போகட்டும்.

முதல் மாதமே முழுத் தொகையும் வேண்டாம். 500 ரூபாய் போட்டு, யூனிட் வந்ததும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக்கில் இருந்து உங்களுக்கு நேராக இமெயில் வருகிறதா என்று பாருங்கள். ஆப் காட்டுவது மட்டும் போதாது. அப்புறம் நூறு ரூபாய் அளவுக்குத் திருப்பி எடுத்துப் பாருங்கள், எக்ஸிட் லோட் (சீக்கிரம் எடுத்தால் பிடிக்கும் கட்டணம்) இருந்தாலும் சில காசுதான். பணம் சில வேலை நாட்களில் வங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். நாமினி பெயரையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள், போட்டதை அவர்களிடம் சொல்லியும் வையுங்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது என்றால் நாமினி என்று எழுதி என்ன பயன்?

ஒன்பதாம் படி: வருடத்துக்கு ஒரு முறை

கட்டணப் பட்டியலை மறுபடி திறந்து பாருங்கள். டீமேட் கட்டணத்தை ஏற்றினால் 30 நாள் முன்னால் சொல்ல வேண்டும், சொல்வார்கள், நாம்தான் அந்த இமெயிலைப் படிக்க மாட்டோம். பணமோ யூனிட்டோ கணக்கில் இடித்தால் முதலில் ப்ரோக்கரிடம் எழுத்தில் புகார், சரியாகவில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில். அங்கே பதிவு செய்தால் 21 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். போனில் கஸ்டமர் கேரோடு கத்துவதால் நடக்காதது அதில் பெரும்பாலும் நடந்துவிடும்.

கட்டணம் ஏறிவிட்டது, பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம், அதற்கு விற்க வேண்டியதில்லை. புதிய ப்ரோக்கரிடம் கணக்கு திறந்து, அவர்களிடம் கிளையண்ட் மாஸ்டர் ரிப்போர்ட் (புதிய டீமேட்டின் விவரத் தாள்) வாங்கி, பழைய இடத்தில் மூடும் படிவத்தோடு கொடுத்தால் யூனிட்டுகள் அப்படியே புதிய டீமேட்டுக்கு மாறும். கணக்கை மூடி உங்கள் சொந்தக் கணக்குக்கே மாற்றுவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. இரண்டு இடத்திலும் பெயரும் பானும் ஒன்றாக இருக்க வேண்டும், கூட்டுக் கணக்கு என்றால் பெயர்களின் வரிசையும் அதேபோல இருக்க வேண்டும். ஆப்பில் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்ஐபி மட்டும் தானாக மாறாது, படிவம் கொடுப்பதற்கு முன்னால் அதை நிறுத்திவிட்டு, புதிய இடத்தில் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.